நாலாவது ஆளுக்குப் பெயர் இல்லை

எங்கள் ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தார்கள். குலசாமி பெயர், பழைய வட ஆற்காட்டில் அந்தப் பெயர் இல்லாத தெருவைக் காட்டுவது கஷ்டம். ஆளைப் பிரித்துச் சொல்ல ஊர் ஒரு வழி வைத்திருந்தது. தோல் ஷாப்பில் வேலை பார்த்தவருக்குப் பெயருக்கு முன்னால் 'தோல் ஷாப்பு' வந்து சேர்ந்தது. துணி தைத்தவர் 'டெய்லர்'. மூன்றாவது ஆள் 'நெட்டை'. இந்த மூன்று பேருக்கும் அடைமொழிக்குப் பின்னால் அம்மா அப்பா வைத்த பெயர் மிச்சம் இருந்தது. நாலாவது ஆளுக்கு அதுவும் இல்லை. 'குஷ்டம் வூட்டாண்ட திரும்பு', 'குஷ்டத்தோட பொண்ணு', 'குஷ்டம் கொல்லையில கெணறு வெட்டறாங்கோ'. ரேஷன் கார்டில் மட்டும்தான் அவர் மனிதப் பெயரோடு இருந்தார்.

1980களின் நடுவில் சுகாதாரத் துறையில் தொழுநோய் ஆய்வாளராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் பெயரும் அதே வழியில் போனது. 'லெப்ரசி சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து மேசையில் இருந்தவரை 'மலேரியா சார்' என்றால் அவர் சிரிப்பார், அவருக்கென்ன. எனக்குப் பெண் பார்க்க வந்த தரகரோ, 'மாப்ள ஹெல்த்துல கீறாரு' என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு யாரும் வாயைத் திறப்பதற்குள் 'காபி இல்லியாம்மா' என்று பேச்சைத் திருப்பினார். நோயே இல்லாதவனுக்கு இந்தக் கதி.

ஒரு நோயின் பெயரை மனிதர்கள் மேலிருந்து உரித்தெடுக்க வேலூர் வட்டாரத்தில் எழுபது வருடங்களுக்கு மேலாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அதில் டாக்டர்கள் உண்டு, செருப்புத் தைத்தவர்கள் உண்டு, சைக்கிளில் அலைந்த என்னைப் போன்றவர்கள் உண்டு. சட்டம் எழுதுகிறவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். சொல்லை மாற்றினால் மனசு மாறும் என்று ஒரு கட்சி இருக்கிறது. நான் பார்த்த வரையில் இங்கே கைதான் முதலில் வேலை செய்தது. வாய் பின்னால் வந்தது, அதுவும் மெதுவாக.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காரணம் ஒரு கிருமி, மைக்கோபாக்டீரியம் லெப்ரே. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் இதைக் கண்டார். சிகிச்சை எடுக்காத நோயாளியின் மூக்கு, வாய்த் துளிகள் வழியாக, நீண்ட நாள் நெருங்கிப் பழகுகிறவர்களுக்குப் பரவுகிறது. பரவினாலும் மிகப் பெரும்பாலானவர்களின் உடம்பே அதை விரட்டிவிடும். கிருமி நுழைந்து முதல் தேமல் தெரிய ஐந்து வருடம் போல ஆகும், சிலருக்கு இருபது வருடம்கூட. இவ்வளவு சோம்பேறிக் கிருமிக்கு ஊர் கொடுத்த மரியாதை, ஒரே நாளில் ஆளைக் கொண்டுபோகும் காலராவுக்குக்கூடக் கிடைக்கவில்லை.

அது தோலில் தெரியும், ஆனால் குடியிருப்பது நரம்பில். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று இழுக்கிறதே, அந்த நரம்பு அதற்குப் பிடித்த இடம். நரம்பு செத்தால் அதன் பொறுப்பில் இருந்த தோலுக்கு உணர்வு போகும், தசைக்கு வலு போகும், விரல்கள் உள்ளே மடங்கும். முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பு போனால் பாதம் தொங்கும். முகத்து நரம்பு போனால் கண் இமை மூடாது.

எங்கள் ஆயுதம் ஒரு திரி பஞ்சும் ஒரு பால்பேனாவும். கண்ணை மூடச் சொல்லி, தேமல் மேல் பஞ்சால் தொடுவோம். எங்கே தொட்டோம் என்று விரலால் காட்ட வேண்டும். குடியாத்தம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள், தறி ஓடும், தீப்பெட்டி ஒட்டுவார்கள். பீடி இலை வெட்டுகிற கத்தரி விரலில் பட்டு ரத்தம் முறத்தில் சொட்டிய பிறகுதான் கவனித்தேன் என்று ஒரு அம்மா சொன்னார். நான் பஞ்சை எடுப்பதற்கு முன்பே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அந்த மாதிரி வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வது? 'தேமல் பாக்க வந்துகிறோம்மா, எல்லா வூட்லயும் பாக்கறோம்.' அந்த 'எல்லா வீட்டிலும்' என்பதில்தான் விஷயம் இருந்தது. சைக்கிளை அந்த வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாது, டீக்கடையில் நிறுத்த வேண்டும். போன தடவை மருந்து கொடுத்த வீட்டுக்கு நேரே போகக் கூடாது, நாலு வீடு தள்ளி ஆரம்பித்து வர வேண்டும். ஜீப்பில் போகிற நாள் என்றால் இன்னும் மோசம், அதன் கதவிலேயே நோயின் பெயர் எழுதியிருக்கும். அது நிற்கிற வீட்டுக்குப் பெண் கேட்டு யாரும் வர மாட்டார்கள். சொல் என்றால் வாயால் பேசுவது மட்டும் இல்லை. வண்டி பேசும், அட்டை பேசும், செருப்புகூடப் பேசும். செருப்பின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் இந்த நோய்க்குப் பெயர்ப் பஞ்சம் கிடையாது. குஷ்டம், குட்டம், பெருவியாதி, பெருநோய், தொழுநோய். கிழவிகள் எதுவும் சொல்லாமல் 'அந்த நோவு' என்று நிறுத்திக்கொள்வார்கள். அரசு நோட்டீஸ்களில் தொழுநோய் நிலைத்தது. எங்கள் பக்கத்துத் தேவாலயங்களில் வாசிக்கும் பழைய வேதாகமத்தில் குஷ்டரோகி என்று இருக்கும். கத்தோலிக்கர் கையில் உள்ள புது மொழிபெயர்ப்பில் தொழுநோயாளர் என்று ஆகியிருக்கிறது. தெருச் சண்டையில் மட்டும் இன்றும் பழைய சொல்தான். 'தொழுநோயாளரே' என்று திட்டிச் சண்டை போட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் இந்த நோய்க்குப் பாவத்தின் சம்பளம் என்று பெயர் வாங்கிக் கொடுத்ததில் 'ரத்தக்கண்ணீர்' நாடகத்துக்கும் 1954இல் வந்த அதன் சினிமாவுக்கும் பெரிய பங்கு உண்டு. எம்.ஆர். ராதாவின் நடிப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். அந்தக் குரலுக்கு இணை கிடையாது. ஆனால் அந்தக் கதையில் மனைவியைக் கைவிட்டுத் தாசி வீட்டுக்குப் போகிறவனுக்கு நோய் வருகிறது. கொட்டகையை விட்டு எழுந்து போன ஜனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனது. வாழ்க்கையில் வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்க்காத நெசவாளி ஒருவர், தேமல் என்று நான் சொன்னதும், பெண்டாட்டி பக்கம் திரும்பி, 'நான் எங்கயும் போவலடி' என்றார். மருந்தைப் பற்றி அவர் கேட்டது அதற்கப்புறம்தான்.

ராதாவின் படம் வந்த அதே காலத்தில் வேலூரில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது.

பால் பிராண்ட் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். பெற்றோர் அங்கே வேலை செய்த மிஷனரிகள். லண்டனில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த ராபர்ட் காக்ரேனைப் பார்க்க அடுத்த வருடம் போனார். அங்கே மடங்கிய விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து, 'பிடித்து நசுக்கு' என்றார். நசுக்கிய வேகத்தில் பிராண்டுக்கு வலித்துவிட்டது. செத்துப்போனதாக எல்லோரும் எழுதிவைத்த கைக்குள் முன்கைத் தசை முழு உயிரோடு இருந்தது. விரலை விரிக்கிற, மடக்குகிற சின்னத் தசைகள்தான் போயிருந்தன.

அங்கிருந்துதான் வேலூர்க் கை அறுவை சிகிச்சை பிறந்தது. முன்கையில் நன்றாக வேலை செய்யும் ஒரு தசைநாரை எடுத்து, விரல்களுக்குத் திருப்பி இழுத்துத் தைப்பார்கள். பழைய வேலையை மறந்து புது வேலையைச் செய்ய அந்தத் தசைக்குப் பயிற்சி கொடுப்பார்கள். சில மாதங்களில் ஆள் சோற்றை உருட்டி வாயில் வைப்பார். படிக்க எளிதாக இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த நோயாளியைப் பொது வார்டில் படுக்க வைத்தால் மற்றவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்ற பயம் எந்த மருத்துவமனையிலும் இருந்தது. அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் அவர்கள் கத்தியை எடுக்க வேண்டியிருந்தது.

1950களின் தொடக்கத்தில் பாகாயத்தில், கல்லூரி வளாகத்திலேயே, சில குடிசைகளோடு நவஜீவ நிலையம் எழுந்தது. அறுவை முடிந்த இளைஞர்கள் அங்கே தங்கி மர பொம்மைகள் செய்யப் பழகினார்கள். பிராண்ட் பிற்பாடு திரும்பத் திரும்பச் சொன்ன இரண்டு சம்பவங்கள் உண்டு. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு பையன் ஓடிவந்து சாவியைப் பட்டென்று திருப்பித் திறந்துவிட்டான். பார்த்தால் விரலில் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருக்கிறது, பையன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். இன்னொன்று, காலையில் எழுந்து பார்த்தால் சிலருக்கு விரலில் ஒரு துண்டைக் காணோம். இரவில் காவல் இருந்து பார்த்தார்கள். எலி! கடித்ததே தெரியாமல் தூங்கியிருக்கிறார்கள். அதன் பிறகு வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரோடும் ஒரு பூனையும் போனது.

நோய் விரலை அழுக வைக்கவில்லை, வலி இல்லாததால்தான் விரல் தேய்கிறது என்ற உண்மையை மருத்துவ உலகம் இப்படித்தான் விளங்கிக்கொண்டது. எங்கள் ஊர் வசவில் 'கைகால் அழுகிப் போவ' என்று ஒன்று உண்டு. அந்த வசவின் அடியில் இருந்த மருத்துவமே தப்பு. அழுகவில்லை, அடுப்பில் சுட்டது, கத்தரி வெட்டியது, எலி தின்றது. கண்ணால் பார்த்துப் பார்த்துக் கையைக் காத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தால் பத்து விரலும் மிஞ்சும்.

கை விரிந்தவர் ஊருக்குத் திரும்பினால் ஊர் என்ன சொன்னது? உடனே ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனால் என் அனுபவத்தில், பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறையைத் தானே எடுத்துக் கொடுக்கிற கைக்கு ஒரு பலன் உண்டு: கூப்பிடும் சொல் தடுமாற ஆரம்பிக்கும். 'குஷ்...' என்று தொடங்கி, 'அந்த மூலை வூட்டுக்காரர்' என்று முடிப்பார்கள். கேட்டிருக்கிறேன்.

மேரி வர்கீஸை இந்த இடத்தில் விட முடியாது. வேலூரில் படித்த மலையாளி டாக்டர். 1954இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கை அறுவை உட்கார்ந்து செய்கிற வேலைதானே! பிறகு வெளிநாடு போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்து வந்து, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1972இல் பத்மஸ்ரீ. 'ஊனமுற்றோர்' என்பது 'மாற்றுத்திறனாளி' ஆகி, 2010இல் தமிழக அரசு அந்தப் பெயரில் தனித் துறையே அமைத்ததற்கு எவ்வளவோ முன்னால் நடந்தது இது. அந்த வார்டில் படுத்திருந்தவர்களுக்கு அவர் டாக்டரம்மா. நாற்காலியைக் குறிக்கும் சொல்லை முன்னால் சேர்க்க அவர்களுக்கு அவசியம் வந்திருக்காது. வரிசையில் நிற்கும்போது யாருக்கு எது தேவையோ அதைத்தானே ஆள் பார்ப்பார்.

புதுச் சொல்லுக்கு நான் விரோதி இல்லை. உலகம் இதற்காகக் கூட்டம் போட்டிருக்கிறது. 1948இல் ஹவானாவில் கூடிய சர்வதேசத் தொழுநோய் மாநாடு, 'லெப்பர்' என்று ஆளைச் சொல்வதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1874இல் தொடங்கி இந்தியாவெங்கும் மருத்துவமனைகள் நடத்திய 'மிஷன் டு லெப்பர்ஸ்' 1965இல் தன் பெயரை 'லெப்ரசி மிஷன்' என்று மாற்றிக்கொண்டது: ஆளை எடுத்துவிட்டு நோயை வைத்தார்கள். பிரேசில் 1995இல் ஒரு படி மேலே போய், அரசுக் காகிதங்களில் நோயின் பழைய பெயரே வரக் கூடாது, ஹான்சனின் பெயரால்தான் சொல்ல வேண்டும் என்று சட்டமே போட்டது. அந்தப் பிரேசில்தான் இன்றும் புதிய நோயாளிகளின் எண்ணிக்கையில் இந்தியாவுக்கு அடுத்து நிற்கிறது. பெயர்ப்பலகை மாற்றியதைக் கிருமி படிக்கவில்லை. ஆனாலும் அந்தத் தீர்மானங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பதிவேட்டில் 'நோயாளி' என்று எழுதப் பழகிய கை, ஆள் எதிரே உட்காரும்போது நாற்காலியை இழுத்துப் போடவும் பழகியது. பழகாத கைகளும் உண்டு.

பாலாற்றங்கரையில் ஒரு டீக்கடை. கடைக்காரருக்குத் தங்கமான வாய். என் நோயாளி ஒருவரைப் பற்றி, 'பாவம் சார், நல்ல மனுசன், ஆண்டவன் சோதிக்கிறான்' என்று உருகுவார். அந்த நல்ல மனுசனுக்கு டீ மட்டும் கூரையில் செருகி வைத்த தனி அலுமினிய டம்ளரில் ஊற்றுவார், மேலிருந்து, படாமல். அதே கடைக்கு அந்த நோயாளியின் பால்ய சிநேகிதன் ஒருவன் வருவான். வந்ததும் வராததுமாக 'டேய் மொண்டிக்கையா' என்பான். நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், இப்படிக் கூப்பிடுகிறானே, உங்களுக்கு வருத்தம் இல்லையா என்று. 'அவன் வாயி அப்படித்தான் சார். ஆனா என் டம்ளர்ல மிச்சம் வெச்சத எட்து குடிச்சிட்டுப் போறான் பாத்திங்களா?' என்றார். இதை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் எப்படியும் கூப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை. எச்சில் டீ குடித்தவனுக்கு மட்டும் உள்ள சலுகை அது.

இப்போது செருப்பு. காட்பாடியிலிருந்து திருவலம் பக்கம் போகிற வழியில் கரிகிரி இருக்கிறது. வெறும் பொட்டலாகக் கிடந்த நிலத்தில் 1955இல் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி சானடோரியம் தொடங்கியது. பிறகு இயக்குநராக இருந்த எர்னஸ்ட் ஃபிரிட்சி அறுவை சிகிச்சை நிபுணர், மரக்கன்று பைத்தியமும்கூட; இன்று அங்கே நிழலுக்குக் குறைவில்லை. உணர்வில்லாத பாதத்துக்குச் சிகிச்சை மாத்திரையில் மட்டும் இல்லை, செருப்பிலும் இருக்கிறது என்று வேலூரிலும் கரிகிரியிலும் கண்டுகொண்டார்கள். உள்ளே நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பர், எம்.சி.ஆர். என்பார்கள். அதை அடியில் வைத்து, கீழே கடினமான சோல், மேலே வார், குதிகாலைப் பிடிக்கப் பின்வார். ஆணி கூடாது, ஆணி மேலே வந்து குத்தினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது. ஒட்டவும் தைக்கவும் மட்டும்தான். ஒரு மணி நேரப் பயணத்தில் ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் ஐரோப்பாக்காரன் காலுக்கு அளவெடுக்காமலே ஜோடி ஜோடியாகப் பெட்டியில் அடைத்து அனுப்புகின்றன. இங்கே ஒவ்வொரு காலுக்கும் புண் எங்கே, எலும்பு எங்கே துருத்துகிறது என்று பார்த்து ஒரு ஜோடி. எங்கள் தோல் பூமியில் இரண்டாவது வேலைக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் அந்தச் செருப்பு ஊரில் வாயைத் திறந்துவிட்டது. எல்லோரும் ரப்பர் செருப்பில் நடக்கும்போது, தடித்த கறுப்பு அடியும் பின்வாரும் வைத்த செருப்பைப் பார்த்ததும் 'அந்த ஆஸ்பத்திரி செருப்பு' என்று கண்டுகொண்டார்கள். கோயில் வாசலில், கல்யாண மண்டபத்தில் அதைக் கழற்றி விட முடியாது. காலைக் காக்கிற செருப்பை வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்காலில் விசேஷத்துக்குப் போய்ப் புண்ணோடு திரும்பி வந்தவர்கள் என் பட்டியலில் உண்டு. அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அதனால் செருப்பு செய்கிறவர்கள் மாறினார்கள். வாரின் வடிவம், தோலின் நிறம், கடையில் விற்கும் சாண்டல் போன்ற தோற்றம் என்று, உள்ளே உள்ள மெத்தையை மறைக்கும் தொழில் வளர்ந்தது. பிறகு எதிர்பாராத ஒரு உதவி வந்தது, சர்க்கரை நோய். அதுவும் பாத நரம்பைக் கொல்கிறது, அதற்கும் அதே ரப்பர்தான். வேலூர் வீதியில் எம்.சி.ஆர். செருப்பு போட்ட ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரை இன்று யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. 'சுகருக்குப் போட்டுகினு கீறாரு.' செருப்பு அதேதான், அதற்கு ஊர் வைத்த பெயர்தான் மாறியது.

கரிகிரியின் பலகையும் இந்தப் போக்கில் மாறிவந்தது. சானடோரியம், பிறகு ஆராய்ச்சி, பயிற்சி மையம், இப்போது ஷெஃப்லின் சுகாதார நிறுவனம். தொழுநோய் பெயரின் வாலில் இருக்கிறது. கண்ணுக்கும் தோலுக்கும் சர்க்கரைக்கும் சுற்றுவட்டார ஜனம் அங்கே போகிறது. ஒரே ஓ.பி. வரிசை, யாருக்கு என்ன என்று பெஞ்சு சொல்லாது. எந்தச் சொல் சீர்திருத்தத்தைவிடவும் இந்தக் கலப்பு வரிசை நல்லது செய்தது என்பது என் அபிப்பிராயம்.

மருந்தும் ஒரு காலத்தில் காட்டிக்கொடுத்தது. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது: ரிஃபாம்பிசின், டாப்சோன், நோய் அதிகம் உள்ளவருக்குக் கூடுதலாகக் குளோஃபாசிமின். ஆறு மாதம் அல்லது இரண்டு வருடம் (அது பிறகு ஒரு வருடமாகக் குறைந்தது), இலவசம், குணம். முதல் சில வேளைகளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். ஆனால் குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும். 'இன்னாமே இப்படிக் கறுத்துப் போய்ட்ட?' என்ற ஒரு கேள்விக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் இருந்தார்கள். 'வெயில்ல வேலைன்னு சொல்லும்மா, மருந்தை முடிச்சா நெறம் திரும்பிடும்' என்போம். பொய்யும் மெய்யும் ஒரே மூச்சில். இரண்டாவது பாதி மெய்.

சட்டம் நின்று நிதானமாக வந்தது. 1898ஆம் வருடத்து 'லெப்பர்கள் சட்டம்' பிச்சை எடுக்கும் நோயாளியை வாரண்டு இல்லாமல் போலீஸ் பிடித்து அடைக்கலாம் என்றது. மத்தியச் சட்டப் புத்தகத்திலிருந்து அது நீங்கியது 2016இல். இந்தியா 2005 டிசம்பரிலேயே, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டிவிட்டிருந்தது. நோய் ஒடுங்கிய பிறகும் அந்தப் பெயர் சட்டத்தில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பேதமில்லாமல் மூவரின் திருமணச் சட்டங்களும் இந்த நோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்றுக்கொண்டிருந்தன. அந்த விஷயத்தில் நாம் ஒற்றுமையாகத்தான் இருந்தோம். 2019இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 'தொழுநோயிலிருந்து குணமானவர்' என்று ஒரு வகையையே பட்டியலில் வைத்திருக்கிறது. உதவித்தொகைக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் டைபாய்டு வந்து போனவரை 'டைபாய்டிலிருந்து குணமானவர்' என்று யாராவது ஆயுசுக்கும் கூப்பிடுகிறார்களா?

ஒழிந்துவிட்டது என்று நினைத்து ஊர் மறந்துவிட்டது. அது முழு உண்மை இல்லை. உலகத்தில் வருடந்தோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான், ஒரு லட்சம் அளவில். எங்கள் வேலை தனித் துறையாக இல்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு கலந்துவிட்டது. அதனால் ஜீப்பின் கதவும் சுத்தமானது, அது நல்லதே. ஆனால் பஞ்சுத் திரியைப் பிடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. ரிட்டயர் ஆன பிறகும் எனக்கு அவ்வப்போது போன் வருவது அதனால்தான்.

போன மாதம் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பணியாளர் பேசினார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பெண் ஒருத்திக்கு முன்கையில் உணர்வில்லாத தேமல். டாக்டர் பார்த்து உறுதி செய்து மருந்து ஆரம்பித்தாயிற்று. இப்போதைய முறைப்படி, வீட்டாருக்கும் நெருங்கிப் பழகுகிறவர்களுக்கும் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

'சார், வூட்ல குட்த்துட்டேன். பக்கத்து லைன் வூடுங்கள்ல எதுக்கு மாத்திரன்னு கேக்கறாங்க. இன்னா சொல்றது?'

'மொதல்ல அந்தப் பொண்ணக் கேட்டியாம்மா? அது சம்மதிக்காம யாருக்கும் குடுக்கக் கூடாது.'

'சம்மதம்தான் சார். பேரு தெரியக் கூடாதுன்னு அழுவுது. கம்பெனில கூட வேல செய்யற புள்ளைங்க ரெண்டு பேரு அதே தெருவுல கீறாங்க.'

'அப்ப அந்த லைன மட்டும் பண்ணாத. தெரு முழுக்கத் தோல் முகாம்னு போடு. எல்லாருக்கும் தேமல் பாரு. படை, சொறி எது இருந்தாலும் களிம்பு எட்துகினு போ. அந்தப் பொண்ணோட வூட்ல ஆரம்பிக்காத, அதோட வூட்ல முடிக்கவும் முடிக்காத. நடுவுல வரட்டும்.'

'நோயி பேரு கேட்டா?'

'பொதுவா கேட்டா தயங்காம சொல்லு. தொழுநோய், மாத்திரையில தீந்துபோவும், வராம இருக்க இது ஒரு வேளன்னு. யாருக்குன்னு கேட்டா மட்டும் பேச்ச நிறுத்திடு.'

'கம்பெனிலேர்ந்து ஆள் வந்து கேட்டா சார்?'

'தோல் டாக்டர்கிட்ட மருந்து சாப்பிடுது, வேலைக்கு வரலாம்னு எழுதிக் குடுக்கச் சொல்லு டாக்டர. அதுக்கு மேல சொல்ல வேண்டிய கடம உனக்கு இல்ல.'

கொஞ்ச நேரம் எழுதிக்கொள்கிற சத்தம். பிறகு, எந்தக் கிழமை போகலாம் என்றார்.

'ஞாயித்துக்கிழம போம்மா. மத்த நாள்ல விடிஞ்சா கம்பெனி பஸ்ஸு எல்லாரையும் ஏத்திகினு போய்டும், தெருவுல கெழவிங்களத் தவிர ஆளே இருக்க மாட்டாங்க.'